வெங்காயக் கப்பல்

எங்கள் பட்டறை வாசலுக்கு நேரே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கப்பல் இருக்கிறது. பாய்மரம் இல்லை, வார்னிஷ் இல்லை, மேல்தட்டும் மூடவில்லை. உள்ளே இரண்டு அடுக்காகத் தீக்குச்சி நீளத்தில் மரக்குச்சிகள் நெருக்கி நெருக்கிக் கிடக்கும். போன மாதம் எல்லோரையும் ஒருதரம் பார்த்துவிட்டு வரலாமென்று போனேன். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் இரண்டு பேர் என்னிடம் வந்தார்கள். நான் முடிக்காமல் விட்டுப்போன கப்பல் அதுவென்றும், இப்போது வந்திருக்கும் வெட்டும் மெஷினில் ஒரு மணித்தியாலத்தில் மேல்தட்டு வெட்டி மூடித் தருவதாகவும் சொன்னார்கள்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. கிழவனுக்கு அறளை பெயர்ந்துவிட்டது, செய்த வேலையைப் பாதியில் மறந்துவிட்டுப் போய்விட்டான் என்று நினைத்திருக்கிறார்கள். ஏதோ கடுமையாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்த பிறகுதான் யோசித்தேன். அவர்களுக்கு யார் சொன்னது? நான் சொல்லவில்லை. கப்பல்களுக்குப் பாய் தைக்கும் பரீதா சொல்லியிருக்க மாட்டாள். பட்டறையைப் போட்ட ஹாஜியார் மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார். ஆகவே எழுதுகிறேன். உளி பிடித்த கை இது, பேனை சரியாக நிற்காது. பிழை கண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பேர் சலீம். சாய்ந்தமருதில் மரவேலை செய்யும் ஓடாவி. வாப்பாவும் ஓடாவி. கதவு, ஜன்னல், கலியாணக் கட்டில் என்று செய்துகொண்டிருந்தவனைக் கப்பலுக்கு இழுத்தவர் ஹாஜியார். அவர் திருகோணமலைத் துறைமுகத்தில் படம் வரைகிற வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்து இந்தப் பட்டறையைப் போட்டவர். பழைய காலத்து ஒல்லாந்தக் கப்பல், போர்த்துக்கீசக் கப்பல், அரபிகளின் பாய்க்கப்பல், நம்முடைய தோணி எல்லாவற்றையும் ஒரு முழம், இரண்டு முழ நீளத்தில் மரத்தில் செய்வோம். சுக்கான் சக்கரத்தில் மணிக்கூடு, நங்கூரத்தில் உடுப்புக் கொழுவி, வெளிச்சவீட்டில் மின்விளக்கு என்று வீட்டுக்கு அழகு பார்க்கும் சாமான்களும் செய்வோம். பொத்துவில் பக்கத்து விடுதிகள் வாங்கும். மிச்சம் கொழும்பு ஏஜண்ட் மூலம் கப்பலேறிப் போகும். முதல் இரண்டு வருடமும் நான் மண் கடதாசி போட்டுத் தேய்த்தேன், அவ்வளவுதான். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

எழுத வேண்டியது ஆள்குச்சியைப் பற்றி. நாங்கள் ஒரு அடிக்குக் கால் அங்குலம் என்ற கணக்கில் வேலை செய்தோம். அந்தக் கணக்கில் ஒரு மனிதனின் உயரம் ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. அந்த உயரத்துக்கும் ஒரு ஆளின் தோள் அகலத்துக்கும் ஒரு குச்சியைச் சீவி, தோள் இருக்கும் இடத்தில் ஒரு கீறல் போட்டு ஹாஜியார் எப்போதும் சேர்ட் பையில் வைத்திருப்பார். முகம், கை, கால் ஒன்றும் கிடையாது. உருவம் செதுக்கும் வேலை நம் பட்டறையில் இல்லை என்பது அவருடைய சட்டம். வாங்க வந்தவர்கள் கப்பல்காரன் பொம்மை கேட்டால், வேறு இடம் பாருங்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்.

நான் முழுதாகச் செய்த முதல் கப்பலை அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தபோது எனக்குத் தலை கால் தெரியாத சந்தோஷப் புளுகம். நூலேணி, பீரங்கி, கொடி எல்லாம் அச்சொட்டு. ஹாஜியார் பையிலிருந்து ஆள்குச்சியை எடுத்துச் சுக்கானுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். சக்கரத்தின் நடு, குச்சியின் தலைக்கு மேலே நின்றது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சாரன் தலைப்பில் துடைத்தார். அவர் கண்ணாடி துடைக்கத் தொடங்கினால் நம்முடைய வேலை முடிந்தது என்று அர்த்தம்.

“இவன் எப்பிடி மனே கப்பல் ஓட்டுற?” என்றார்.

அன்று பின்னேரம் முழுக்க அந்தக் கப்பலை நானே கழற்றினேன். அவர் ஏசவுமில்லை, எழும்பிப் போகவுமில்லை. பக்கத்திலிருந்து பிளேன்டி குடித்துக்கொண்டு பார்த்தார். அதற்குப் பிறகு ஆள்குச்சி வைக்காமல் நான் ஏணிப்படி ஒன்றுகூட ஒட்டியதில்லை. அந்த ஒரு தடவையைத் தவிர.

பட்டறையில் இன்னொரு நடைமுறையும் இருந்தது. மேல்தட்டை மூடுவதற்கு முன்னால் செய்தவன் கப்பலை மேசையில் வைக்க வேண்டும். ஹாஜியார் ஒவ்வொரு துண்டாகத் தொட்டு, “இது என்னத்துக்கு?” என்று கேட்பார். பதில் தெரியாத துண்டு கப்பலில் இருக்கக் கூடாது. படத்தில் இருக்கிறது என்பதெல்லாம் பதில் இல்லை. அந்தக் கேள்விக்குப் பயந்து நாங்கள் கிழவர்களைத் தேடிப்போய் விசாரித்திருக்கிறோம், கடற்கரைக்குப் போய் வள்ளக்காரர்களிடம் கேட்டிருக்கிறோம். பதில் சரியென்றால் ஏதாவது ஒரு சரக்கைக் கப்பலின் வயிற்றுக்குள் போட்டு மூடுவோம். ஒல்லாந்தக் கப்பலுக்குக் கறுவாப் பட்டை, தோணிக்கு நெல். வெறும் வயிற்றோடு கப்பலை அனுப்பக் கூடாது என்று ஹாஜியார் சொல்லுவார்.

நான் மேற்பார்வைக்கு வந்த பிறகு ஒருநாள் கொழும்பு ஏஜண்ட் போன் எடுத்தார். வெளிநாட்டில் நல்ல கிராக்கி உள்ள பழைய வெள்ளைக்காரக் கப்பல் ஒன்றின் படம் வந்திருக்கிறது, இரண்டு தாள், இரண்டாவது தாளில் சின்னச் சின்ன மனித உருவங்கள் வரைந்திருக்கின்றன, அவற்றையும் செய்து தருவீர்களா என்று கேட்டார். எங்கள் பட்டறையில் உருவம் செய்யமாட்டோம் என்று நான் ஹாஜியாரை விட மிடுக்காகச் சொன்னேன். அப்படியென்றால் இரண்டாவது தாள் உங்களுக்குத் தேவையில்லை, முதலாவதை மட்டும் அனுப்புகிறேன் என்று அவர் போனை வைத்தார். கப்பலென்றால் கப்பல்காரர்கள் இருப்பார்கள், அவர்களைத்தான் வரைந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

படம் வந்தது. வடிவான கப்பல். ஆனால் நான் அதுவரை காணாத சாமான்கள் சில அதில் இருந்தன. கீழ்த்தளத்தின் இரண்டு பக்கமும் ஓரமாக நீளத்துக்கு ஒரு தட்டு. தட்டுக்கும் கூரைக்கும் இடைவெளி அரை அங்குலத்துக்குச் சற்று மேல். தட்டிலும் அதன் கீழே தரையிலும் கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடலான இடைவெளியில் வரிசையாகச் சின்னக் கோடுகள். கப்பலின் விலாவில் நிறையக் காற்று ஓட்டைகள். மேலே கப்பலைச் சுற்றி வலை. நடுவில் குறுக்கே ஒரு மரமதில், அதன் உச்சியில் முள்ளு முள்ளாக ஆணி. கோடு இருந்த இடமெல்லாம் உளியால் கீறல் வெட்டினேன். மிக நேர்த்தியான வேலை.

மேசைக்கு வந்தது. ஹாஜியார் தட்டைத் தொட்டார்.

“இது என்னத்துக்கு?”

“சாமான் அடுக்கிறத்துக்கு.”

“என்ன சாமான்?”

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் விசாரித்துக்கொண்டு வா என்று அனுப்பியிருப்பார். ஏஜண்டுக்கு வாக்குக் கொடுத்த நாள் நெருங்கிவிட்டது, பிள்ளைகள் எல்லோரும் சுற்றி நிற்கிறார்கள், மேற்பார்வைக்காரன் முழிக்கக் கூடாதே என்ற பெருமை வேறு. காற்று ஓட்டைகளில் என் கண் போனது. காற்றுப் படாவிட்டால் அழுகிப்போகும் சாமான் எது?

“வெங்காயம், ஹாஜியார்” என்றேன்.

பரீதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மருதமுனையில் தறிகளுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவள், எங்கள் கப்பல்களுக்கெல்லாம் பாய் தைத்தவள். ஹாஜியார் சிரிக்கவில்லை. வலையும் ஆணி மதிலும் என்னத்துக்கு என்று கேட்டார். கள்ளனுக்கு என்றேன்.

“கீழ ஆள்குச்சி வெச்சுப் பாத்தியா?”

“அது சாமான் தட்டு, ஹாஜியார். ஆள் போற இடமில்ல.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமல் திருப்பிப் போட்டுக்கொண்டார். “உன்ட பொறுப்பு” என்று மட்டும் சொன்னார்.

வெங்காயக் கப்பல் என்று பட்டறையில் பேர் விழுந்தது. வயிற்றுக்குள் போடச் சரக்கு வேண்டுமே? அது பரீதாவின் யோசனை. அவள் வளவில் மஞ்சாடி மரம் நின்றது. செக்கச் சிவந்த சின்ன வித்துகள், பார்த்தால் பொடி வெங்காயம்தான். இரண்டிரண்டு கீறல்களுக்கு நடுவில் ஒவ்வொரு வித்தாக வைத்து ஒட்டினோம். மேல்தட்டில் ஒரு துண்டைக் கழற்றிப் பார்க்கிற மாதிரி விட்டோம். வாங்கியவர்களுக்கு நல்ல பிடிப்பு. நாங்கள் பகிடி பண்ணிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தோம். வெங்காயம் விலை ஏறினால், சலீம் காக்காட கப்பல் இன்னும் வந்து சேரல்ல போல என்று பெண்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். எத்தனை வருடம் சிரித்தோம் என்று எண்ண எனக்குத் துணிவில்லை.

நான் இளைப்பாறுவதற்குச் சில மாதங்களுக்கு முன்னால் பொத்துவிலில் ஒரு விடுதியின் மனேஜர் போன் எடுத்தார். கோமாரிப் பெடியன், எனக்கு நல்ல பழக்கம். எங்கள் கப்பல் ஒன்று அவர்களுடைய முன் மண்டபத்தில் இருந்தது. வந்து தங்கியிருக்கும் ஒரு பெண் காலையிலிருந்து அந்தக் கப்பலுக்கு முன்னால் நிற்கிறார், சாப்பிடவும் போகவில்லை, செய்தவரோடு கதைக்க வேண்டுமாம், வர ஏலுமா என்று கேட்டார். மரத்தை உளுப்பூச்சி அரித்திருக்கும் என்று நினைத்து, பசையும் சின்ன உளியும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி என்று யன்னலோரத்தில் குளுகுளுவென்று காற்று வாங்கிக்கொண்டு போன பயணம் அது.

அவர் ஒரு கறுப்பினப் பெண். எங்கோ பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பிக்கிற டீச்சராம். என் வயதுக்குச் சற்றுக் குறைவு. மேல்தட்டுத் துண்டு கழற்றியிருந்தது. கைகொடுத்து ஸலாம் மாதிரி ஏதோ சொன்னார். பிறகு உள்ளே விரலைக் காட்டி அந்தச் சிவப்பு வித்துகள் என்ன என்று கேட்டார். மனேஜர் தமிழில் சொன்னார்.

நான் சிரித்தேன். யா அல்லாஹ், நான் சிரித்தேன். வெங்காயம் என்றேன். மனேஜரும் சிரித்துக்கொண்டே அதை இங்கிலீஷில் சொன்னார்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. கோபிக்கவுமில்லை. தன் போனை எடுத்து ஒரு பழைய படத்தைத் தேடி என் கையில் தந்தார். அதே மாதிரிக் கப்பலின் கீழ்த்தளம். அதே தட்டுகள், அதே வரிசை. நான் வெங்காயம் வைத்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு மனிதன் மல்லாந்து கிடந்தான். தோளோடு தோள். காலில் விலங்கு. தலைமாட்டிலும் கால்மாட்டிலும் ஒரு விரல்கூட மிச்சமில்லை. அது எனக்கு அனுப்பாமல் விட்ட இரண்டாவது தாள். வேண்டாம் என்று நான் மிடுக்காகச் சொன்ன உருவங்கள்.

காது இரண்டும் கும்மென்று அடைத்துப் போனது. மனேஜர் ஏதோ சொல்லுகிறார், உதடு அசைவதுதான் தெரிகிறது. மண்டபத்தின் வெறும் நிலத்தில் நான் அப்படியே குந்திவிட்டேன். பிறகு அந்தப் பெண் சொன்னதை மனேஜர் மெல்ல மெல்ல மொழிபெயர்த்துச் சொன்னார். இவர்கள் ஆபிரிக்காவிலிருந்து பிடித்து விற்கக் கொண்டுபோன மனிதர்கள். ஓட்டை, இவர்களுக்கு மூச்சு விட. வலை, இவர்கள் கடலில் குதித்துச் செத்துப்போகாமல் இருக்க. ஆணி மதில், இவர்கள் எழும்பி வந்தால் தடுக்க. இரண்டு மாதம், மூன்று மாதம் கடலில். அந்தப் பெண்ணின் மூதாதையரும் இப்படியொரு கப்பலில் வந்து இறங்கியவர்கள்தானாம்.

இதை வெங்காயம் என்று உங்களுக்குச் சொன்னது யார் என்று அவர் கேட்டார். ஏஜண்ட் என்று சொல்லியிருக்கலாம், தப்பியிருப்பேன். என் நெஞ்சில் கையை வைத்துக் காட்டினேன். அவர் எனக்குப் பக்கத்தில் நிலத்திலேயே உட்கார்ந்தார்.

திரும்பி வரும்போது அந்தக் கப்பலைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பஸ்ஸிலிருந்தே ஏஜண்டுக்குப் போன் போட்டேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. அது எல்லாருக்கும் தெரிஞ்ச டிசைன்தானே, உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டார். நான் அவரை எந்த முகத்தோடு ஏசுவது? வீட்டில் மனைவி இரவுச் சமையலுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்க்காமல் பின்பக்கம் போய்க் குந்திவிட்டேன்.

பட்டறையில் அப்போது புதிய ஓர்டருக்கு ஆறு வெங்காயக் கப்பல்கள் மேல்தட்டு மூடாமல் நின்றன. மூடுவதா, உடைப்பதா? அதைத் தீர்மானிக்க நான் ஆளில்லை. ஹாஜியாரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். அவருக்குப் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் விழுந்து, மகளின் வீட்டில் கட்டிலோடு இருந்தார். நெஞ்சு தாங்காது, சொல்லாதீங்க காக்கா, உங்கட காலப் பிடிக்கிறன் என்று பரீதா கெஞ்சினாள். நானும் இரண்டு நாள் ஒளிந்து திரிந்தேன். என் வாழ்நாளில் நான் சம்பாதித்த ஒரே பேர், சலீம் சொன்னால் சரியாக இருக்கும் என்று அந்த மனிதன் நம்பிய பேர். அது போகப்போகிறது. மூன்றாம் நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு, மூடாத கப்பல் ஒன்றின் வித்துகளை எடுத்துவிட்டு அதை உரப்பையில் சுற்றிக்கொண்டு போனேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். தெரியாமல் சொன்ன பொய்யை முதலில் சொன்னேன். அவர் முகட்டைப் பார்த்தபடி கிடந்தார். அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்றோ, எனக்கு ஆறுதலாக இருக்கும் என்றோ, டீச்சர் சொன்ன இன்னொன்றையும் சொன்னேன்.

“அதுல நம்மட ஆக்களும் இருந்திரிக்காங்களாம், ஹாஜியார். குர்ஆன் ஓதத் தெரிஞ்ச ஆக்கள்.”

“நான் அதக் கேக்கல்ல” என்றார்.

பிறகு வலக்கையால் சேர்ட் பையைத் தடவினார். கட்டிலில் கிடந்த மனிதனின் பையில் அப்போதும் ஆள்குச்சி இருந்தது. கப்பலைப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னார். குச்சியை இரண்டு கீறல்களுக்கு நடுவில் படுக்க வைத்தார். தோள் இரண்டு பக்கக் கீறலிலும் இடித்தது. தலை பலகையில் முட்டியது, கால் தட்டின் விளிம்போடு முடிந்தது. அளவெடுத்துச் செய்த மாதிரி. அளவெடுத்துச் செய்ததுதானே.

“மத்தக் குச்சி எங்க?”

“ஒண்டுதானே இரிக்கி, ஹாஜியார்.”

“வெட்டு.”

“எத்தின வெட்டுற?”

“எத்தின கீறல் வெட்டினாயோ, அத்தின.”

இருநூற்று முப்பத்தாறு. ஒரு நாள் வேலை என்று நினைத்தேன், ஏழு நாள் எடுத்தது. மெஷினில் வெட்டவில்லை, யாரையும் தொட விடவுமில்லை. ஒவ்வொன்றையும் நானே சீவி, தோள் கீறல் போட்டு, நானே படுக்க வைத்தேன். பத்து, பதினைந்து ஆனதும் எழும்பி வெளியே போய்விடுவேன். பரீதா மற்ற ஐந்து கப்பல்களிலிருந்தும் பொத்துவிலிலிருந்து வந்ததிலிருந்தும் மஞ்சாடி வித்துகளை ஊசியால் நெம்பி எடுத்து ஒரு டின்னில் போட்டாள். குப்பையில் கொட்ட மனம் வராமல் அது இன்னும் அவள் அலுமாரியில் இருக்கிறது. வெறுமையான ஆறையும் உடைத்தோம். உடைக்காத ஒன்றை, ஹாஜியார் சொன்னபடி, மூடாமல் வாசலில் வைத்தோம். ஏஜண்ட் வேறு பட்டறை பார்த்துக்கொண்டார். முன்னால் விற்ற கப்பல்கள் எந்த ஊரில், எந்த வீட்டு மண்டபத்தில் வித்தும் வார்னிஷுமாகப் பளபளக்கின்றனவோ தெரியாது. வாங்கிய ஆட்களின் விபரம் கேட்டு ஏஜண்டுக்கு இரண்டு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. மெஷினைப் பற்றி எனக்குக் குறையில்லை பிள்ளைகளே, அது என்னை விட நேராக வெட்டுகிறது. ஆனால் என்னத்துக்கு என்று அது கேட்காது. நீங்கள் கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் வாயை மூடிக்கொண்டிருங்கள்.

ஹாஜியார் அதற்குப் பிறகு எட்டு மாதம் இருந்தார். என்னை அவர் ஏசவே இல்லை, அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு மௌத்தானார். கபுறுக் குழியில் அடுக்கும் பலகைகளை நான்தான் வெட்ட வேண்டும் என்று மகளிடம் சொல்லி வைத்திருந்தாராம். அளவெடுக்க மையவாடிக்குப் போனேன். கடற்கரை மண், தோண்டித் தோண்டிச் சரிந்துகொண்டிருந்தது. தோண்டுகிற ஆள் மேலே ஏறி எனக்கு வழிவிட்டார். நான் குழிக்குள் இறங்கி நீளத்தைச் சாணால் அளந்தேன். பிறகு அகலத்தை அளந்தேன். மூன்று சாண்.

நாற்பது வருடப் பழக்கம், கை தன்பாட்டில் கணக்குப் போட்டது. ஒரு அடிக்குக் கால் அங்குலம். நான் வெட்டிய இரண்டு கீறல்களுக்கு நடுவில் ஒரு ஆளுக்கு இரண்டு சாண்கூட வரவில்லை.

நான் மேலே ஏறாமல் மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து மேலே நின்றவர் குனிந்தார்.

“என்ன ஓடாவியார், அகலம் காணாதா?”

“காணும்” என்றேன். “தாராளமாக் காணும்.”